நூறு கஜம் போகும் வளைதடி



பூமராங் என்றதும் கங்காருவும் ஆஸ்திரேலியாவும்தான் நமக்கு ஞாபகம் வரும். நம்ம தமிழ்நாட்டிலேயே அப்படி ஒன்று இருந்தது, அதுவும் தூரமாகப் போவதற்காகவே மரத்தில் செதுக்கிய ஒன்று என்று சொன்னால் பலபேர் நம்ப மாட்டார்கள். அதற்குப் பெயர் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆயுதம். பிறை மாதிரி வளைந்த கட்டை. ஒரு முனை கனம், மறுமுனை லேசு, வெளி ஓரம் கூர். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே நாலு சுற்று சுற்றி, விசையோடு வீச வேண்டும். இரும்பிலும் சிலது செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு தூரம் போகும்? ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1830-ல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். கை தேர்ந்தவன் வீசினால் நூறு கஜத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் குறி தப்பாது என்கிறார். கேள்விப்பட்டு எழுதியதில்லை. 1795-ல் மதுரைப் பக்கம் இருந்தபோது அவருக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான்! ஆறு வருஷம் கழித்து அதே வெல்ஷ் எதிர்ப்படையில் வந்தார். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். பிறகு பாளையக்காரர்களின் ஆயுதங்களையும் பறித்தார்கள். வளரி வீசுகிற கை அப்போதுதான் குறைய ஆரம்பித்தது.

சரி, நூறு கஜம் என்றால் 91 மீட்டர். இது நடக்கிற காரியமா? மெக்கானிக்ஸ் பேப்பரை எடுங்கள். காற்றை மறந்துவிட்டு 45 டிகிரியில் எறிந்தால், வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 92 மீட்டர் போகும். அதாவது மணிக்கு 108 கி.மீ. நல்ல கிரிக்கெட் பௌலருக்கு இது பெரிய வேகமே இல்லை. ஆனால் முயலை 45 டிகிரியில் வானத்தைப் பார்த்து எறிந்து அடிக்க முடியுமா? தரையோடு தரையாகப் போக வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கிடையாக எறிந்தால், சாதாரணக் கல் 0.55 வினாடியில் தரையைத் தொட்டுவிடும். அதற்குள் பதினாறரை மீட்டர்தான் போயிருக்கும். மீதி 75 மீட்டருக்கு யார் தூக்கிப் பிடிப்பது? காற்றுதான். தட்டையாகச் செதுக்கிய கட்டை சுழன்றுகொண்டே போகும்போது அதன் கைகள் விமான இறக்கை மாதிரி வேலை செய்கின்றன. சுழற்சி அதைக் கவிழாமல் வைத்திருக்கிறது. கட்டை 300 கிராம் என்று வைத்துக்கொண்டால் புறப்படும்போதே 135 ஜூல் இருக்கும். முயல் பாவம்!

திரும்பி வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். திரும்பி வருகிற ஆஸ்திரேலிய பூமராங்கை ஏறத்தாழ செங்குத்தாகப் பிடித்து எறிவார்கள். மேலே வருகிற கைக்கு எறிந்த வேகமும் சுழல் வேகமும் சேர்ந்துகொள்வதால் தூக்கு விசை அங்கே அதிகம். சுழல்கிற சைக்கிள் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்புமே, அதே கதைதான் இங்கேயும். அது வட்டம் போட்டு வந்துவிடும். வளரி குறியில் பட்டு விழுவதற்காகச் செய்தது. அது சுற்றி வந்து எறிந்தவன் கையிலேயே உட்காரும் என்ற கதையை என்னால் நம்ப முடியவில்லை. ஓரம் கூரான கட்டையை எதிரே வரும்போது யார் பிடிப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை. பூமராங் போடுகிற வட்டத்தின் அளவு எறிகிற வேகத்தைப் பெரிதாகப் பொறுத்ததில்லை. கட்டையின் கனத்தையும் தூக்கு விசையையும் பொறுத்தது. அதனால் தூரப் போட்டிக்குச் செய்கிறவர்கள் மெல்லியதாக, கனமாக, தூக்கு விசை கம்மியாக இருக்கும்படி செதுக்கி, முனையில் ஈயம்கூட வைப்பார்கள். ஸ்விட்சர்லாந்துக்காரர் மானுவல் ஷூட்ஸ் 1999-ல் 238 மீட்டர் போய்த் திரும்பி வரும்படி எறிந்தார். திரும்ப வேண்டாம் என்று விட்டுவிட்டால் இன்னும் தூரம்: 2005-ல் பிரிஸ்பேனில் டேவிட் ஷம்மி எறிந்தது 427.2 மீட்டர்!

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. நேரான பலகையில் வளைவை வரைந்து அறுத்தால், ஒரு கையில் ரேகை குறுக்கே ஓடும். இரண்டாவது வீச்சில் அங்கேதான் உடையும். கிளை பிரிகிற இடத்திலோ, வேர் வளைகிற இடத்திலோ இயற்கையாக வளைந்த கட்டையை எடுத்தால் ரேகையும் கூடவே வளைந்து வரும். வெளிநாட்டில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஒட்டிய பிர்ச் பிளைவுட்டில் செய்து இந்தத் தொல்லையைத் தாண்டுகிறார்கள். நமக்குச் சீமைக் கருவேல் இருக்கிறது. குன்றத்தூர்ப் பக்கம் வளையாத சீமைக் கருவேல் கிளையைத் தேடினால்தான் கஷ்டம்.

இனி சேகரிப்பு. சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுப்பில், தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் மியூசியத்தில் இருப்பதைக் குறிக்கிறார். தந்தத்தில் செய்தது அந்தஸ்துக்காக இருக்கலாம். மரத்தில் செய்ததுதான் உழைத்தது. புதுக்கோட்டை திவான் எழுதிய குறிப்பையும் தர்ஸ்டன் சேர்த்திருக்கிறார். தேர்ந்த வீச்சாளர்கள் அப்போதே இல்லை. பழைய வீரர்களின் வம்சத்தார் வீடுகளில் வளரி பூஜை அறையில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி வைத்துவிடுவார்கள் என்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. கரையானும் உளுப்பு வண்டும் சும்மா இருக்குமா?

அதற்காக நாம் போய் விலை பேசி வாங்கி வந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், கைவினைப் பொருள் 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்தால் கேஸ். சட்டம் கிடக்கட்டும், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பதைக் கேட்பதே முறையில்லை. பொருளை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டு, அளவை மட்டும் எடுத்து வரலாம். டிப்ளமோ படிக்கிற நம்மைவிட இதற்குப் பொருத்தமான ஆள் யார்?

வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேளுங்கள். சார்ட் பேப்பரில் கட்டையை வைத்து ஓரத்தை வரையுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் வெர்னியரால் கனம் எடுத்து, குறுக்குவெட்டை வரையுங்கள். இந்தக் குறுக்குவெட்டில்தான் பறக்கிற ரகசியமே இருக்கிறது, போட்டோவில் அது தெரியாது. எடை போடுங்கள். இரண்டு இடத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டால் ஈர்ப்பு மையம் கிடைத்துவிடும். என்ன மரம், எந்த ஊர், அந்த வீட்டில் அதை என்ன பெயரில் சொல்கிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பல்லாவரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் எழும்பூர். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, மறந்துவிடாதீர்கள்.

பிறகு அந்த அளவில் நகல் செய்து எறிய வேண்டும். இங்கிலாந்தில் லேன் ஃபாக்ஸ் என்ற சேகரிப்பாளர் இதைத்தான் செய்தார். பிரிட்டிஷ் மியூசியத்து எகிப்திய வளைதடிக்கு நகல் செய்து, லண்டனில் ஒரு வெட்டவெளியில் பழகி, 50 தப்படியிலிருந்து 100 தப்படிக்குக் கொண்டுபோனார். அவருடைய சேகரிப்பு 1884-ல் ஆக்ஸ்போர்டுக்குப் போய்ப் பெரிய மியூசியமே ஆயிற்று.

நகலுக்கு ஓரத்தைக் கூராக்க வேண்டாம், மழுக்கியே விடுங்கள். ஆளி விதை எண்ணெய் தடவி, ஆணியில் மாட்டாமல் தட்டையான பலகையில் கிடத்துங்கள். ஐப்பசி மழையில் மரம் முறுக்கிக்கொள்ளும். எறிகிற இடத்தில் நூற்றைம்பது மீட்டருக்கு ஆளோ மாடோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு வீச்சையும் டேப் பிடித்து அளந்து, தேதியோடு அந்தக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்.