நரம்பு நோயும் நம் அச்சமும்

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது பழமொழி. இது நம் உடலைப் பற்றிய அச்சத்திற்கும் பொருந்தும். கண்ணிமை துடிக்கிறது, கெண்டைக்கால் தசை தானே துள்ளுகிறது, விரல் நுனி மரத்துப் போகிறது. உடனே, 'இது தீராத நரம்பு நோயோ?' என்ற ஐயம் எழுகிறது. மத்தூரிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு இரவு ஷிப்டு செல்லும் இளைஞரிடமும், தேர்வுக் காலத்தில் நம் நண்பர்களிடமும் இவ்வச்சத்தை நான் கண்டிருக்கிறேன். எனவே விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் கற்றறிந்ததை இங்கே தருகிறேன்.

அஞ்சப்படும் நோய் எது?

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ளன. அவை மெல்ல மெல்ல அழிவதே இயக்க நரம்பணு நோய். இதன் முக்கிய வகையை 1869-ல் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ விளக்கினார். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1963-ல், அவரது 21-ஆம் வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. ஆனால் இது அரிய நோய். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கே புதிதாக வருகிறது. அவர்களிலும் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள்.

தென்னிந்திய இளைஞரிடம் காணப்படும் தனி வகை ஒன்றும் உண்டு. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள் 1970-ல் அதை வெளியிட்டனர். உலக மருத்துவ நூல்கள் அதனை 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே குறிப்பிடுகின்றன. கை கால் மெலிவோடு முகத்தசைத் தளர்ச்சியும் காது கேளாமையும் அதன் அடையாளங்கள். அதுவும் மிக அரிதே; மிக மெதுவாகவே வளர்வது.

வெறும் துடிப்பு நோயாகுமா?

தூக்கமின்மை, அளவு மீறிய காப்பி, களைப்பு, மனக்கவலை ஆகியவற்றால் நரம்பு நுனிகள் எளிதில் கிளர்ச்சியுறுகின்றன. தசை இழைகள் சில தாமே சுருங்குகின்றன. அதுவே துடிப்பு. வலுக்குறைவின்றித் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் 2 முதல் 32 ஆண்டுகள் வரை கவனித்து, 1993-ல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் ஒருவருக்கேனும் இயக்க நரம்பணு நோய் வரவில்லை!

அச்சம் செய்யும் வேலை

அஞ்சுபவன் தன்னையறியாமல் வேகமாக மூச்சு விடுகிறான். இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, காரத்தன்மை கூடுகிறது, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சிய அயனிகள் குறைகின்றன. விளைவு, உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் சுருக்சுருக்கென்ற உணர்வு. அதைக் கண்டு அச்சம் மேலும் பெருகுகிறது. என் உறவினர் ஒருவர் இச்சுழலில் சிக்கித் திருமணப் பேச்சையே ஓராண்டு தள்ளிப்போட்டார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. கைபேசியில் தேடத் தேட அவர் தூக்கம் போயிற்று. தூக்கம் போகப் போகத் துடிப்பு மிகுந்தது. இறுதியில் மருத்துவர் ஒருவர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டி, கை கால் வலுவைச் சோதித்து, 'நரம்பில் குறையில்லை' என்றார். அவரது துன்பம் பொய்யன்று. அதன் காரணம்தான் வேறு.

நம் மண்ணின் காரணங்கள்

எல்லாவற்றையும் மனக்கவலை என்று ஒதுக்குவதும் தவறு. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பாறை நிலத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டு குடித்தால் பல் கறைபடும். அளவு மிக அதிகமானால் முதுகெலும்பு இறுகித் தண்டுவடத்தையே நெருக்கவும் கூடும். இதைத் தடுக்கவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரத்துப் போகும். மணிக்கட்டை மடக்கி ஒரே வேலையைச் செய்வோர்க்கு அங்குள்ள நரம்பு நெருக்குண்டு, இரவில் விரல்கள் மரக்கும். இவை உரிய காலத்தில் கண்டால் குணமாக்கவோ தடுக்கவோ கூடியவை.

எப்போது விரைய வேண்டும்?

சட்டைப் பொத்தானை மாட்ட இயலாமை, காலிலிருந்து செருப்பு நழுவுதல், தசை மெலிதல், பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை ஆகியவை தென்பட்டால் தாமதியாது மருத்துவரை நாட வேண்டும். திடீரென ஒரு பக்கம் செயலிழந்தால் ஒரு நொடியும் வீணாக்கலாகாது.

நண்பர்களே, ஐயத்தை நெஞ்சில் புதைத்து வளர்க்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். நோய் இருப்பின் மருத்துவம் தொடங்கும். இல்லையேல் அன்றிரவே நல்ல உறக்கம் வரும்.