சேதாரம்: நகை, நிறம், 'எனக்குப் பிடிச்சது'

'எனக்குப் பிடிச்சதைப் போட்டுக்கறேன், இதுல என்ன இருக்கு?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நகைக்கடை விளம்பரங்களும் பெண்கள் பத்திரிகைகளும் இதையே ஒரு விடுதலை முழக்கம் மாதிரி முன்வைக்கின்றன. முகத்துக்கேற்ற தோடு, நிறத்துக்கேற்ற சேலை, ஆளுமைக்கேற்ற கல். ஆளுமை என்பது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நகையும் நிறமும் அதை வெளியே சொல்லும் மொழி என்பது இதன் அனுமானம். மொழி என்றால் இலக்கணம் உண்டு. யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்கிற அதிகாரமும் உண்டு.

ரொலான் பார்த் 1961இல் நகை குறித்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். பூமியின் ஆழத்திலிருந்து வந்து விலையின் பயங்கரத்தைச் சுமந்து நின்ற ரத்தினத்தின் காலம் போய்விட்டது. கண்ணாடி, மரம், மலிவு உலோகம் எதுவும் நகையாகலாம். மொத்த உடைக்கும் அர்த்தம் தருகிற ஒரு சின்ன நுணுக்கமே இனி முக்கியம் என்பது அவர் வாதத்தின் சாரம். பொருள் குறியாகிவிடுகிறது. பாரிஸில் சரிதான். இதை நம் ஊர் அடகுக்கடையில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்?

கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் தோடு என்பது காதில் மாட்டிய சேமிப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் கழன்று போய், கையில் காசு புரளும்போது காதுக்குத் திரும்புவது. அடகுக்கடையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்தைக் கணக்குப் பண்ணுவார்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் அங்கே மதிப்பே கிடையாது. வேலைப்பாடு கூடினால் பெரும்பாலும் சேதாரமும் கூடும். ஆக, ஒரு நகையை மற்றதிலிருந்து பிரித்து 'இது என்னுடையது' என்று காட்டுவது எதுவோ, அதுதான் திரும்பி வராத பணம். "கல்லு வச்சது வேணாம், கெட்டியா ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவளுக்கு ரசனை இல்லை என்று பொருளில்லை. இழக்க அவளிடம் ஒன்றுமில்லை. தனித்துவம் என்று நாம் கொண்டாடுவது சேதாரத்தைத் தாங்க முடிந்தவர்களின் வசதியும்தான்.

பணம் மட்டுமே பிரச்சினை என்றால் இதோடு முடித்துக்கொள்ளலாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது; பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது; ஆண்களுக்குச் சட்டை, செருப்பு, குடை கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் சூறையாடப்பட்டன.

திருவிதாங்கூரில் இதே இலக்கணம் தலைகீழாக இயங்கியது. அங்கே புலையர் பெண்கள் கழுத்தில் கல்மாலை போட்டே ஆக வேண்டும். அய்யன்காளியின் இயக்கம் இதை எதிர்த்தபோது 1915இல் பெரிநாட்டில் கலவரம் மூண்டது. அதையடுத்து கொல்லத்தில் கூடிய கூட்டத்தில் பெண்கள் கல்மாலைகளை அங்கேயே அறுத்துக் குவித்தார்கள். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோதும், சாதியை அடையாளம் காட்டும் நகைகளையும் சேலைக்கட்டையும் விட்டுவிடச் சொன்னார். தடையும் கட்டாயமும் ஒரே வேலையைத்தான் செய்தன: தூரத்திலேயே வாசித்துவிடக்கூடிய பிரதியாக உடலை வைத்திருப்பது. ஆகவே கழற்றுவதும் ஒரு கூற்று. இன்று பாசிமணியும் கறுத்த வெள்ளியும் 'எத்னிக்' என்ற பெயரில் கடைக்கு வந்திருக்கின்றன. அணிகிறவர் சாயங்காலம் கழற்றி வைத்துவிடலாம். அந்தப் புலையர் பெண்களுக்கு இல்லாதது அந்தச் சாயங்காலம்தான்.

நிறத்துக்கு வருவோம். "உங்க கலருக்கு இது எடுக்காதுங்க" என்று துணிக்கடையில் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எடுக்காதது துணியா, தோலா? வெள்ளைத் தோலை வெற்றுத் தாளாக வைத்துக்கொண்டால்தான் கறுப்பு 'திருத்த' வேண்டிய ஒன்றாகிறது. கிளிப்பச்சையும் ராமர் நீலமும் 'பட்டிக்காட்டுக் கலர்', மங்கிய மண்நிறம் 'டீசன்ட்' என்கிற பாகுபாட்டிலும் கண்ணைவிட வர்க்கமே அதிகம் பார்க்கிறது. ரசனை பொருட்களை வகைப்படுத்தும்போதே ரசிப்பவரையும் வகைப்படுத்திவிடுகிறது என்று பூர்தியூ 1979இல் விரிவாகக் காட்டியது இதைத்தான்.

நம் வட்டாரமும் இதற்கு வெளியே இல்லை. கசங்கிய ஜிப்பா, கைத்தறிச் சேலை, வெறுங்கழுத்து. இவையெல்லாம் நகை மோகத்துக்கு எதிரான நிலைப்பாடுகள் என்று நம்புகிறோம். இருக்கலாம். ஆனால் எப்படி வந்தாலும் நாற்காலி கிடைக்கும் என்று பிறப்பிலேயே உத்தரவாதம் உள்ளவருக்குக் கசங்கல் எளிமையாகத் தெரியும். இல்லாதவருக்கு அது அழுக்காக வாசிக்கப்படும். தேய்த்த சட்டையில், மினுங்கும் கடிகாரத்தில் கூட்டத்துக்கு வருகிற தலித் இளைஞனைப் பார்த்து 'பகட்டு' என்று முணுமுணுப்பவர்கள், அம்பேத்கர் ஏன் கோட்டு போட்டார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

யாரும் எதையும் அணியக் கூடாது என்பது என் வாதமல்ல. பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது யாருக்கு மறுக்கப்பட்டது, யார்மேல் திணிக்கப்பட்டது, சேதாரத்தை யார் கட்டுகிறார்கள் என்று கேட்ட பிறகும் அது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.