மூலைமட்டத்திலிருந்து மதிப்பீட்டுக் கோப்பு வரை

அன்று

சங்கரன்கோவிலின் பழைய நெசவாளர் வீடுகளில் தறிக்குத்தான் முதல் மரியாதை. தறி நிற்கும் இடமும் அதன் மேல் விழும் வெளிச்சமும் முடிவான பிறகே அடுப்படியும் படுக்கையும். அந்த வீட்டைத் திட்டமிட்டவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கொத்தனார் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார், நூல் பிடித்தார், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார், மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். சுவர் சாய்ந்திருந்தால் மேஸ்திரி இடிக்கச் சொன்னார். தர ஆய்வு அத்தோடு முடிந்தது. ஊர் நடுவே ஒன்பது நிலைக் கோபுரத்தோடு நிற்கும் சங்கரநாராயணர் கோயிலும் இப்படிக் கைவழி வந்த அறிவின் வேலைதான்.

அந்த அறிவு 1957-ல் இரண்டு வகுப்பறைகளுக்குள் போனது. மாமல்லபுரத்தில் சிற்பக் கல்விக்கு ஓர் அரசுப் பயிற்சி நிலையம் பிறந்தது. வள்ளுவர் கோட்டத்தையும் குமரிமுனை வள்ளுவர் சிலையையும் உருவாக்கிய கணபதி ஸ்தபதி பின்னாளில் அதை நடத்தினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நவீன கட்டடக்கலைத் துறை தொடங்கியது. இன்றைய அண்ணா பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளி அதன் தொடர்ச்சி. ஒரே கலை இரண்டு தனித் தடங்களில் நடக்கத் தொடங்கியது அப்போதுதான்.

1972-ல் கட்டடக்கலைஞர் சட்டம் வந்தது, அதன்படி கட்டடக்கலைக் கவுன்சில் அமைந்தது. 1983-ல் குறைந்தபட்சக் கல்வித் தர விதிகள் வெளியாயின. ஐந்தாண்டுப் படிப்பு, எட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. மாணவர்கள் டி-ஸ்கொயரும் டிரேசிங் தாளுமாக இரவெல்லாம் விழித்தார்கள். தப்பாக விழுந்த மைக்கோட்டைப் பிளேடால் சுரண்டினார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் அறைகளையும் புத்தகங்களையும் ஆசிரியர்களையும் எண்ணினார்கள்.

இன்று

வரைபலகை இருந்த இடத்தில் மடிக்கணினி. கவுன்சிலின் 2020 விதிகளில் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் போதும். ஆண்டுக்கு 40 பேர் சேரும் கல்லூரியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 200 மாணவர்கள். பழைய கணக்கில் 25 ஆசிரியர்கள் வேண்டும், புதிய கணக்கில் 20. மாணவரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைத் திருத்துகிற படிப்பில் இந்த ஐந்து பேர் சின்ன இழப்பல்ல.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதையும் பார்த்துவிட்டோம். ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் இருந்ததை 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. தாளில் விகிதம் சரியாக இருந்தது, வகுப்பில் ஆள் இல்லை.

1994-ல் தொடங்கப்பட்ட தேசிய அங்கீகார வாரியம் இப்போது வேறு கேள்வி கேட்கிறது: படித்து முடித்த பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்? ஒவ்வொரு பாடமும் எந்தத் திறனை வளர்க்கிறது, அதற்குச் சான்று எங்கே, குறை தெரிந்ததும் என்ன மாற்றினீர்கள் என்று கல்லூரி காட்ட வேண்டும். மதிப்பீட்டுக்கேற்ப மூன்றாண்டுக்கோ ஆறாண்டுக்கோ அங்கீகாரம் கிடைக்கும். கேள்வி நல்ல கேள்வி, மேஸ்திரியும் அதைத்தான் கேட்டார். ஆனால் பல இடங்களில் பதிலை எக்செல் அட்டவணையே சொல்லிவிடுகிறது. ஆசிரியரின் மாலைப்பொழுது மாணவரின் வரைபடத்தை விட்டுக் கோப்புக்குப் போகிறது.

கோப்பு தானாகக் கனக்க ஒரு வழி உண்டு. முதல் ஓவியத்திலிருந்து கடைசி வரைபடம் வரை, ஜூரியில் (மாணவர் வேலையை மதிப்பிடும் குழுவில்) திட்டு வாங்கிய தாள் உட்பட, ஒவ்வொரு மாணவரின் வேலையையும் சேர்த்து வைப்பது. சங்கரன்கோவில் போன்ற ஊருக்கு வகுப்பையே கூட்டி வந்து, தறிவீட்டை அளவெடுத்து வரையச் சொல்வது. விசைத்தறியின் சத்தமும் வெக்கையும் குறையும் கூடம் ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, அதை நெசவாளரிடமே காட்டிக் கருத்துக் கேட்பது. ஸ்தபதியையும் கொத்தனாரையும் ஜூரியில் உட்கார வைப்பது. அதைவிடப் பெரிய சான்றை எந்த ஆய்வுக்குழுவும் கேட்காது.

கல்லூரி தேடும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அங்கீகாரம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஸ்டுடியோ எங்கே என்றும் கேளுங்கள். அங்கே ஆசிரியர் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.