வீட்டுக் கணினிக்கு எந்தக் கோப்புப் பகிர்வு மென்பொருள்?

"எதுல வேகமா இறங்கும்?" கோப்புப் பகிர்வு பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் முதலில் பார்ப்பது வேறொன்று: நம்ம கணினியிலிருந்து என்ன வெளியே போகுது?

1999-ல் வந்த நாப்ஸ்டரில் யாரிடம் என்ன பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் மைய சர்வரில் இருந்தது. பாட்டு, இன்னொருவர் வீட்டுக் கணினியிலிருந்து நேராக வந்தது. நீதிமன்ற உத்தரவால் 2001-ல் அது நின்றது. அடுத்து கசாவின் காலம். அதில் ஒரு சிக்கல். இறக்கியதைச் சேமிக்க எந்த ஃபோல்டரைக் காட்டுகிறோமோ, அதுவும் அதற்குள் இருக்கும் அத்தனை ஃபோல்டர்களும் ஊருக்கே திறந்துவிடும். நேத்தனியல் குட், ஆரன் கிரெக்கல்பெர்க் இருவரும் 12 பேரை உட்காரவைத்து, "இதில் எந்தெந்தக் கோப்புகள் பகிரப்படுகின்றன?" என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சரியாகச் சொன்னவர்கள் 2 பேர்தான். ஆய்வு 2003-ல் வெளியானது.

பிட்டோரண்ட் (பிராம் கோஹன், 2001) இந்த விஷயத்தில் தேவலை. நீங்கள் சேர்த்த டோரண்டில் உள்ள கோப்பு மட்டும்தான் போகும். கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் எண் வைத்துச் சரிபார்க்கும். எண் பொருந்தாத துண்டைத் தூக்கிப் போட்டுவிடும். ஆனா இதுல ஒண்ணு கவனிக்கணும். டோரண்டை உருவாக்கியவர் வைத்த கோப்புதான் வந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே ஹேஷ் சாட்சி. அவர் வைரஸை வைத்திருந்தால், அது ஒரு பிட் குறையாமல் வந்து சேரும். கூடவே, உங்கள் ஐபி முகவரி அந்த டோரண்டில் இருக்கும் மற்றவர்களுக்குத் தெரியும். இறக்கும்போதே பிறருக்கு ஏற்றவும் செய்கிறீர்கள். காப்புரிமை உள்ள படமென்றால் அதை விநியோகிப்பவரும் நீங்களே.

மென்பொருளை எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷனின் அதிகாரப்பூர்வ தளத்திலேயே, மேக் கணினிக்கான 2.90 பதிப்புக்குள் கீரேஞ்சர் என்ற பணயத் தீம்பொருளை யாரோ நுழைத்துவிட்டார்கள். டிரான்ஸ்மிஷன் திறமூல மென்பொருள். அதனால் "ஓப்பன் சோர்ஸ்னா பயமில்லை" என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. கையொப்பத்தையோ ஹேஷையோ சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை.

சரி, எதைத்தான் போடுவது? தேவையைப் பொறுத்தது.

லினக்ஸ் ஐஎஸ்ஓ போன்ற பெரிய பொதுக் கோப்புகளுக்கு க்யூபிட்டோரண்ட். விளம்பரம் கிடையாது, திறமூலம். அப்லோட் வேகத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது வீடியோ காலில் இருக்கும்போது திட்டு விழும்.

ஒரே வைஃபையில் போனிலிருந்து கணினிக்கு நாலு போட்டோ அனுப்ப லோக்கல்சென்ட் போதும்.

போனும் கணினியும் ஒரே ஃபோல்டரை எப்போதும் ஒத்து வைத்திருக்க, என் தேர்வு சிங்க்திங். கிளவுட் கணக்கு தேவையில்லை. இரு கருவிகளும் ஒன்றையொன்று ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு. போகும் வழியில் எல்லாம் மறையாக்கம். ஆனால் இது பேக்கப் இல்லை. சாதாரண அமைப்பில் போனில் ஒரு படத்தை அழித்தால் கணினியிலும் அழிந்துவிடும். குழந்தையின் படங்கள் அங்கே இருந்தால், கோப்பின் பழைய பதிப்பை வைத்திருக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவிடுங்கள். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி இருக்கட்டும்.

எதை நிறுவினாலும், முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய் எந்த ஃபோல்டர் பகிரப்படுகிறது என்று பாருங்கள். அந்த 12 பேரில் 10 பேர் சறுக்கிய இடம் அதுதான்.