போலந்துப் பிள்ளைகளுக்கு அப்பாவான மகாராஜா

1942-ம் ஆண்டு. இரண்டாவது உலகப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம்.

குஜராத் கடற்கரையில் பாலாச்சடி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜாம்நகரிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரம். அந்த ஊருக்கு ஒரு நாள் குழந்தைகள் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது.

எல்லோரும் வெள்ளைக்காரக் குழந்தைகள். எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அவர்கள் பேசிய மொழி அந்த ஊரில் யாருக்கும் புரியவில்லை. பலருக்குத் தாய் இல்லை. சிலருக்குத் தாய் தந்தை இருவருமே இல்லை.

யார் இந்தக் குழந்தைகள்? எதற்காக இங்கே வந்தார்கள்?

பனிக்காட்டில்...

1939 செப்டம்பரில் போலந்து நாட்டின் மீது ஜெர்மனி ஒரு பக்கம் பாய்ந்தது. மறுபக்கம் ரஷியா நுழைந்தது. இரண்டுக்கும் நடுவில் போலந்து நசுங்கியது.

ரஷியாவின் கையில் சிக்கிய பகுதியிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ரெயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பப்பட்டார்கள். குளிர், பசி, நோய். பெரியவர்கள் செத்து விழுந்தார்கள். பிள்ளைகள் அனாதை ஆனார்கள்.

1941-ல் ரஷியா மீதே ஜெர்மனி படையெடுத்தது. அதன் பிறகுதான் போலந்துக்காரர்களுக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை கிடைத்து என்ன பயன்? போவதற்கு வீடு இல்லையே!

அப்போது இந்தியாவில் இருந்து ஒரு குரல் வந்தது. "குழந்தைகளை என்னிடம் அனுப்புங்கள்" என்பது அதன் பொருள்.

குரல் கொடுத்தவர் நவாநகர் சமஸ்தானத்தின் மன்னர் திக்விஜய்சிங்ஜி. 'ஜாம் சாகேப்' என்பது அவருடைய பட்டப்பெயர். அப்போது வயது 46.

ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் போட்டி எல்லோருக்கும் தெரியும். அந்த ரஞ்சித்சிங்ஜி இவருடைய தந்தையின் சகோதரர். 1933-ல் அவர் இறந்த பிறகு இவர் பட்டத்துக்கு வந்தார்.

மகாராஜா என்றாலே நமக்கு வேட்டையும் விருந்தும்தான் நினைவுக்கு வரும். பலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். இவர் பெயர் நிற்பது இந்தக் குழந்தைகளால்.

லாரிப் பயணம்

அஷ்காபாத் என்ற நகரில் போலந்துக் குழந்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். இன்று அது துர்க்மெனிஸ்தான் நாட்டின் தலைநகர். இந்தியாவிலிருந்து உதவிப் பொருள்களை ஏற்றிச் சென்ற லாரிகள், திரும்பும்போது குழந்தைகளை ஏற்றி வந்தன. மலைப்பாதை வழியாக ஈரானைக் கடந்து, குவெட்டா வந்து, பிறகு பம்பாய் வந்தார்கள். அங்கிருந்து பாலாச்சடி.

அங்கே மன்னருக்குக் கோடைக்கால மாளிகை ஒன்று இருந்தது. அதன் அருகில்தான் குழந்தைகளுக்கு விடுதிகள் கட்டப்பட்டன.

ஊர் மக்கள் மன்னரை 'பாபு' என்று அழைப்பார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு 'அப்பா' என்று பொருள். "உங்களுக்கும் இனி நான்தான் பாபு" என்ற கருத்தில் அவர் குழந்தைகளிடம் பேசினார்.

கீரை வேலைநிறுத்தம்!

சோறும் கூரையும் கொடுப்பது பெரிய காரியம்தான். ஆனால், கொடுத்தவர்கள் பிறகு என்ன எதிர்பார்ப்பார்கள்? "எங்களைப் போல் இரு, எங்களைப் போல் சாப்பிடு, எங்கள் சாமியைக் கும்பிடு" என்பார்கள். வீட்டுக்கு வந்த மருமகள் குழம்பில் புளியைக் கொஞ்சம் குறைத்துவிட்டாலே முகம் சுளிக்கிறவர்கள்தானே நாம்!

ஜாம் சாகேப் அப்படிக் கேட்கவில்லை.

முகாமை நடத்தும் பொறுப்பு போலந்துப் பாதிரியார் புளூட்டாவிடம் இருந்தது. பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே படித்தார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்களுக்கு வழிபாட்டு இடம் இருந்தது. வெள்ளையும் சிவப்புமான போலந்துக் கொடி பறந்தது. பிள்ளைகள் நாடகம் போட்டால் மன்னர் வந்து பார்ப்பார்.

இத்தனைக்கும் அவர் தம் மதத்தில் பற்று இல்லாதவர் அல்ல. 1950-ல் சோமநாதர் கோவிலை மறுபடியும் கட்டத் தொடங்கியபோது அடிக்கல் நாட்டியவர் அவரே.

அங்கே வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் ஒரு கதை சொன்னார்கள். சாப்பாட்டில் அடிக்கடி கீரை வந்ததாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து, "கீரையைத் தொடமாட்டோம்" என்று வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள்!

அகதியாக வந்த பிள்ளைகள்! கொடுத்ததைச் சாப்பிடாமல் அடம் பிடிப்பதா? வேறு யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும்.

விஷயம் மன்னர் காதுக்குப் போயிற்று. இனிமேல் கீரை சமைக்க வேண்டாம் என்று உத்தரவிட்டார்.

சொந்த வீட்டில்தான் பிள்ளை இப்படி அடம் பிடிக்கும். அந்தப் பிள்ளைகளுக்குப் பயம் போய்விட்டது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

எங்கே போவது?

இந்தக் காரியத்துக்கு வேறு சில சமஸ்தானங்களும் கொடையாளர்களும் பணம் கொடுத்தார்கள். கோலாப்பூர் பக்கத்தில் வலிவடே என்ற இடத்திலும் 1943-ல் பெரிய முகாம் ஏற்பட்டது. சுமார் 5,000 போலந்து மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். பாலாச்சடி முகாம் 1946-ல் மூடப்பட்டதும், பிள்ளைகளும் அங்கே போனார்கள்.

போர் முடிந்தும் துன்பம் தீரவில்லை. போலந்து ரஷியாவின் செல்வாக்கில் வந்துவிட்டது. தங்களைச் சைபீரியாவுக்குத் துரத்தியவர்கள் ஆதிக்கம் செலுத்தும் ஊருக்கு எப்படித் திரும்புவது? சிலர் துணிந்து போனார்கள். பலர் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பிரிந்து போனார்கள்.

மன்னர் 1966-ல் காலமானார்.

போலந்து அவரை மறக்கவில்லை. தலைநகர் வார்சாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று ஓர் இடமும் உண்டு. 2022-ல் உக்ரைன் போரில் சிக்கிய இந்திய மாணவர்கள் எல்லையைத் தாண்டி ஓடி வந்தபோது, விசா இல்லாமலே உள்ளே விட்ட நாடுகளில் போலந்தும் ஒன்று. அப்போது அங்கேயும் இங்கேயும் ஜாம் சாகேப்பின் பெயர் பேசப்பட்டது.

பாலாச்சடியில் இப்போது சைனிக் பள்ளி நடக்கிறது. போலந்துப் பிள்ளைகளின் நினைவாக அங்கே ஒரு சின்னம் நிற்கிறது. முகாமில் வளர்ந்தவர்களில் சிலர், தலை நரைத்த பிறகு, கடல் கடந்து வந்து அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.