உலரும் பனியன், உலராத காற்று

ஆண்களின் விளையாட்டு உடையில் நடந்த பெரிய மாற்றம் நூலில்தான். கோதாவில் லங்கோடு, கபடிக் களத்தில் அரை டிரவுசர் என்றிருந்த காலத்தில் எல்லாமே பருத்தி. காலில் பூட்ஸ்கூடக் கிடையாது: 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 எனத் தோற்ற இந்தியக் கால்பந்து அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். அதற்கு 7 ஆண்டுகள் முன்பே, 1941இல், இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1958இல் ஸ்பான்டெக்ஸ் வந்தது. உடம்பைக் கவ்விப் பிடிக்கும் டைட்ஸ் அதன் வழி. 80களில் தொடையேறிய ஷார்ட்ஸ் 90களில் முழங்காலுக்கு இறங்கியதும், 1992இல் உலகக் கோப்பைக் கிரிக்கெட் வண்ணச் சட்டைக்கு மாறியதும் ஃபேஷன் விவகாரம், அதை விட்டுவிடலாம்.

குன்றத்தூர், மாங்காடு, தாம்பரம் பக்கம் கபடிக் குழுவோ டென்னிஸ் பந்து கிரிக்கெட் குழுவோ தைக்கக் கொடுக்கும் ஜெர்சி இன்று பாலியஸ்டர்தான். ‘வியர்வையை உறிஞ்சும்’ என்பார் கடைக்காரர். அதைவிடப் பெரிய காரணம் அச்சு. ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள் புகுந்துகொள்ளும், பருத்தியில் பிடிக்காது. பெயர், எண், செலவை ஏற்ற பிரமுகரின் சிரித்த முகம் எல்லாம் ஒரே அழுத்தில் ஏறிவிடும்.

பாலியஸ்டர் உறிஞ்சுவதில்லை. பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்; பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம். பிறகு வியர்வை எப்படி நகர்கிறது? இழையின் நெடுக வாய்க்கால்போல் பள்ளம் வைப்பது ஒரு வழி. டூபான்ட் நிறுவனம் 1986இல் கொண்டுவந்த கூல்மேக்ஸ் இந்த வகை. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல வியர்வை பள்ளத்தில் ஏறி வெளிப்பக்கம் பரவும். மலிவான வழி, சாதா பாலியஸ்டர்மேல் தண்ணீர் பிடிக்கும் ரசாயனப் பூச்சு. இது துவைக்கத் துவைக்கப் போய்விடும். இரண்டுக்கும் கடையில் ஒரே வாசகம்: ‘100% பாலியஸ்டர், டிரை ஃபிட்’. கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். புதுப் பனியனில் விட்ட சொட்டு உடனே பரவி மறையும். சில மாதம் துவைத்தபின் அதே இடத்தில் விட்ட சொட்டு, சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றால் பூச்சு போய்விட்டது என்று பொருள். விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பூச்சு நின்றாலும் மிச்ச வேலை காற்றின் கையில். 1 லிட்டர் வியர்வை தோலில் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் கழியும். சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை. சோதனைக்கூடங்கள் வழக்கமாகத் துணியைச் சோதிப்பது 65 சதவீத ஈரப்பதத்தில். ஜனவரி மாரத்தானுக்காகச் செம்பரம்பாக்கம் பக்கம் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவரைச் சுற்றி அது 80ஐத் தாண்டுவது சகஜம். துணி பரப்பி வைத்த ஈரம் போக வழியில்லாமல் முதுகிலேயே நசநசக்கும்.

நாற்றம்? பாலியஸ்டர் உடம்பு எண்ணெயை லேசில் விடாது. கிருமிக்கு அது தீனி.

வாசனை கண்டிஷனர்? ஊற்ற வேண்டாம், இழைமேல் படிந்து வியர்வை பரவுவதைத் தடுக்கும்.

இறுக்கமான டைட்ஸ்? தொடை உரசலுக்கு நல்லது. வேகம் கூடும் என்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய பருத்திப் பனியன்? மாலை நடைக்குத் தாராளம். நீண்ட ஓட்டத்தில் நனைந்து கனத்து, மார்க்காம்பை உரசிப் புண்ணாக்கும்.