பர்னாந்து என்னும் பெயரும் கடல் என்னும் தொழிலும்

மனிதன் செய்யும் தொழிலே நாளடைவில் அவன் வம்சத்துக்குப் பெயராகிவிடுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். ஆங்கிலேயரிடையே ஸ்மித் என்றும் ஜெர்மானியரிடையே ஷ்மிட் என்றும் வழங்குவோரின் முன்னோர் கொல்லுலையில் நின்றவர்கள். நம் சங்கப் புலவர் வரிசையிலும் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் எனத் தொழிலைப் பெயரோடு தரித்த சான்றோர் உளர்.

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தை அடுத்த கீழவைப்பாரிலும், அதனைச் சார்ந்த முத்துக்குளித்துறை ஊர்களிலும், இவ்வழக்கம் தலைகீழாக நிற்கும் விசேஷத்தைக் காணலாம். இக்கரையோரப் பரதவரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பர்னாந்து, மச்சாது, கர்வாலோ போன்ற பெயர்களுள் எதுவும் கடற்றொழிலைச் சுட்டுவதன்று. போர்த்துக்கீசிய மொழியில் மச்சாது கோடரி. கர்வாலோ கருவாலி மரம். பர்னாந்து, ஐரோப்பிய அரசர் பலர் சூடிய இயற்பெயர்.

கடலிலே தங்களுக்கு நேர்ந்த இடுக்கண்களைக் களையும்பொருட்டுப் ஊர்த் தலைவர்களாகிய பட்டங்கட்டிமார் 1535-ஆம் ஆண்டையொட்டிக் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் துணையை நாடியதும், அதனைத் தொடர்ந்து பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றதும், 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களுக்குத் தமிழிலேயே ஜெபங்களைக் கற்பித்ததும் சரித்திரம் அறிந்தவை. ஞானத்தந்தையராக நின்றவர்களின் குலப்பெயர்களே இங்ஙனம் வந்து சேர்ந்தன என்பது வழிவழி வந்த செய்தி. ஆயினும் ஊர்த் தலைவனுக்குப் பட்டங்கட்டி, தோணித் தலைவனுக்குத் தண்டல், தொழில் முதலாளிக்குச் சம்மாட்டி என மண்ணில் பிறந்த பட்டங்கள் அந்நியப் பெயர்களோடு கூடவே வாழ்ந்தன.

அப்பெயர்களுக்குக் கடலின் பொருள் ஏறியது தொழிலினால்தான். சங்கு குளிப்பவன் குளிகல்லில் காலைப் பதித்து, மூச்சை அடக்கி, இடுப்பில் கட்டிய பையோடு ஆழத்தில் இறங்கி, மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கினை அது ஊர்ந்து சென்ற தடத்தைக் கொண்டே கண்டறிவான். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பவனோ, கீழிருந்து வரும் சிறு இழுப்பையும் தவறவிடாது உணர்ந்து, அவனை அக்கணமே தூக்கியாக வேண்டும். உயிரையே ஒப்படைக்கும் அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே மரபு என்பர். வங்காளத்துச் சுமங்கலிப் பெண்களின் கைவளைகளாக மாறிய சங்குகள் இவ்வாறு எடுக்கப்பட்டவையே. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. குளிகல்லின் இடத்துக்குக் காற்றுக்குழாய் வந்துவிட்டது. எனினும் சங்கு குளிக்கும் ஜீவனம் முற்றிலும் மறையவில்லை.

இதே பர்னாந்து இலங்கையில் மொரட்டுவையிலும் மிகப் பரவலாக வழங்குகிறது. ஆனால் அவ்வூர் பிரசித்தி பெற்றிருப்பது மரவேலைக்கு. நீர்கொழும்பிலோ அது மீனவர் பெயர். வல்லநாட்டிலிருந்து தாமிரபருணி நீரை 1927-இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்தை நினைக்கும் நகரத்தாருக்கு, அப்பெயர் குடிநீரையும் நினைவூட்டும். சுமந்தவர்களின் உழைப்புக்கு ஏற்ப ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு பொருளைப் பெற்றுவிடுகிறது.

பர்னாந்து என்னும் பெயரின் மூலத்தைப் பயணம், துணிவு என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொற்களில் காண்பர் மொழிநூலார். அந்த மூலத்தை அறியாமலே இக்கரையோர மக்கள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதனை மெய்யாக்கி வந்திருக்கின்றனர். பெயரைக் கேட்டமாத்திரத்தில் இது பிறநாட்டுப் பெயரன்றோ என்று வினவுவோர், அதனைத் தாங்கியவர்கள் செய்த தொழில் எத்தகையது என்பதையும் விசாரித்தறிதல் வேண்டும். பள்ளியிலும் கப்பலிலும் அலுவலகத்திலும் இன்று அப்பெயரால் அழைக்கப்படும் இளைஞர்கள், தங்கள் பாட்டனார் தண்டலா, சம்மாட்டியா, குளியாளா என்பதை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பார்களாயின், பதிவேடுகள் சொல்லாது விட்ட குடும்ப சரித்திரம் சந்ததியாருக்கு நிலைத்த சொத்தாகும்.